எழுத்து நிறத்துக்கும் பின்னணி நிறத்துக்கும் காப்புரிமை கிடைக்குமா? மதுரைக் காப்புரிமை முகவர் ஒருவரிடம் பெற்ற சேவை

மதுரை கே.கே.நகரில் முதல் மாடியில் இயங்கும் ஒரு காப்புரிமை முகவர் அலுவலகத்துக்குக் கடந்த ஜூன் மாதத்திலிருந்து ஐந்து முறை சென்று வந்திருக்கிறேன். எங்கள் விண்ணப்பம் இன்னும் நடப்பில் இருப்பதால் அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் மென்பொருளுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கேட்டு அலையும் நம் பகுதிக்காரர்களுக்கு, ஒரு நல்ல முகவர் என்ன செய்வார், என்ன செய்ய மாட்டார் என்பது தெரிய வேண்டும் என்பதற்காக இந்த மதிப்புரையை விரிவாகவே எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். அந்த ஒன்றைக் குறைத்த காரணத்தையும் பின்னால் சொல்கிறேன்.

நான் தல்லாகுளத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக டி.டி.பி. கடை நடத்துகிறேன். என் தாயாருக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுதுபட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாலும் அவரால் சில சொற்களைப் பிரித்தறிய முடியவில்லை. பொறியியல் படித்த என் அக்கா மகன் அவருக்காகவே ஒரு செயலியை எழுதத் தொடங்கினான். அறையின் வெளிச்சத்தைக் கைபேசியின் உணரி அளக்கும்; அதற்கேற்ப எழுத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் தாமாக மாறும். வீட்டில் எல்லாருக்கும் அது மிகப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது, எனக்கும்தான்.

கே.கே.நகருக்கு வருவதற்கு முன் நாங்கள் வேறோர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தோம். செயலியை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, காப்புரிமை நிச்சயம் கிடைக்கும் என்று அங்கே உறுதி கூறினார்கள். முன்பணமாக 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, 22 உரிமைக்கோரல்கள் (எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகங்கள்) கொண்ட ஒரு வரைவை அனுப்பினார்கள். அதில் முதல் கோரலே, எழுத்தின் நிறத்தையும் பின்னணியின் நிறத்தையும் பயனரின் விருப்பத்துக்கேற்ப மாற்றும் முறை என்று இருந்தது. என் கடைக் கணினியில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே நான் செய்துகொண்டிருந்த வேலையை யாரோ எனக்கே புதிது என்று எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது. அந்தச் சந்தேகத்தோடுதான் இரண்டாவது கருத்தைக் கேட்க இங்கே வந்தோம்.

இந்த அலுவலகத்தின் முகவர் மின்னணுவியல் படித்த பெண்மணி. அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் பெற்று, காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்விலும் தேறியவர்தான் பொதுவாக இந்தியாவில் காப்புரிமை முகவராகப் பதிவு செய்துகொள்ள முடியும். ஆகவே மென்பொருளை அவருக்கு அ, ஆவிலிருந்து விளக்க வேண்டிய தேவை எழவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி செயலியைப் பற்றியதே அன்று. "தம்பி, இதை இதுவரைக்கும் வெளியே யாருக்கெல்லாம் காட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். பிப்ரவரியில் தன் கல்லூரிக் கண்காட்சியில் இரண்டு நாள் வைத்திருந்ததாக என் மருமகன் பெருமையோடு சொன்னான். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

விண்ணப்பிக்கும் முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைத்துவிட்டால், அது புதியது என்னும் தகுதியை இழந்துவிடும் என்று விளக்கினார். காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு கண்காட்சிகளுக்கு 12 மாத விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கே அது பொருந்தும், கல்லூரி விழாவுக்குப் பொருந்தாது. முதல் அலுவலகத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்ததாக, கல்லூரியின் கணினியிலோ கல்லூரி கொடுத்த பணத்திலோ இதை எழுதினாயா என்று கேட்டு, இல்லை என்ற பதிலைக் குறித்துக்கொண்டார். கண்காட்சிக்குப் பிறகு செயலியில் என்னென்ன சேர்த்தாய் என்று தேதிவாரியாக எழுதித் தரும்படி கேட்டார். அந்தப் பட்டியல்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

இனி சட்டத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்த அலுவலகத்தின் தரம் அங்கேதான் தெரிந்தது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, கணினி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்கும் நிரல், படிமுறை (அல்காரிதம்) ஆகியவற்றைக் கண்டுபிடிப்பு அல்ல என்று ஒதுக்குகிறது. 3(என்) பிரிவு, தகவலைக் காட்சிப்படுத்தும் முறையை ஒதுக்குகிறது. எழுத்தின் நிறத்தையும் பின்னணியையும் மாற்றும் மென்பொருள் இந்த இரண்டு கதவுகளிலும் ஒரே நேரத்தில் முட்டிக்கொள்கிறது. நிறத்தைக் கணக்கிடுவது படிமுறை. கணக்கிட்ட நிறத்தில் எழுத்தைக் காட்டுவது தகவலைக் காட்சிப்படுத்துவது. இதை ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வட்டங்களாக வரைந்து, எங்கள் செயலியின் ஒவ்வோர் அம்சத்தையும் எந்த வட்டத்துக்குள் விழுகிறது என்று எங்களையே எழுதச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாமே வட்டங்களுக்குள் போய்விட்டன.

என் மருமகன் விடவில்லை. அமெரிக்காவில் மென்பொருளுக்குக் கொடுக்கிறார்களே என்று வாதாடினான். கொடுத்தார்கள், இப்போதும் சிலவற்றுக்குக் கொடுக்கிறார்கள் என்று அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். 1980-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்டு, பின்னர் காட்ட்ராக் நிறுவனத்தின் கையில் இருந்த 4,197,590 எண்ணுள்ள காப்புரிமையை உதாரணமாக எடுத்துக் காட்டினார். திரையில் இருக்கும் படத்தின் மேல் சுட்டியை எக்ஸார் என்னும் கணக்கால் வரைந்து, அதே கணக்கை மறுபடி செய்து அழிக்கும் நுட்பத்தை அது உள்ளடக்கியிருந்தது. கீழே என்ன நிறம் இருந்தாலும் சுட்டி அதற்கு மாறாகத் தெரியும், அழித்தால் பழைய படம் அப்படியே திரும்பும். இரண்டு வரி நிரலில் எழுதக்கூடிய அந்த நுட்பத்துக்காகப் பல நிறுவனங்கள் உரிமத் தொகை செலுத்த வேண்டியிருந்தது. அதன் காலம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. 2014-இல் ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, ஒரு கருத்தைக் கணினியில் செய்கிறோம் என்று சொல்வது மட்டும் அங்கேயும் போதாது. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52-ஆவது பிரிவும் கணினி நிரலையும் தகவல் காட்சிப்படுத்தலையும் அந்த அளவிலேயே நிற்கும்போது விலக்குகிறது. எங்கே சென்றாலும், உன் நிரல் இயந்திரத்துக்கு என்ன நன்மை செய்தது என்ற கேள்வி வரும் என்றார்.

இந்த இடத்தில் அவர் செய்த ஒரு சோதனையை நான் மறக்க மாட்டேன். முதல் அலுவலகம் எழுதிய வரைவின் முதல் கோரலை உரக்கப் படித்து, அதில் கணினி, கைபேசி, செயலி ஆகிய சொற்களைப் பென்சிலால் அடித்தார். மீதியை என்னிடம் நீட்டி, "சார், இப்ப இதைப் படிங்க. இதை உங்க கடையில கையாலயே செய்ய முடியுமா?" என்று கேட்டார். செய்ய முடியும். திருமணப் பத்திரிகைக்குச் சிவப்பில் மஞ்சள் எழுத்தா, மஞ்சளில் சிவப்பா என்று வாடிக்கையாளர் கேட்கும்போது நான் செய்வதும் அதையேதான். 22 கோரல்களில் 19 அந்தச் சோதனையில் விழுந்தன. பத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு கோரலுக்கும் தனிநபர் விண்ணப்பதாரர் 320 ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்பதால், அந்த வரைவு அப்படியே சென்றிருந்தால் 3,840 ரூபாய் வீணாகியிருக்கும் என்பதையும் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

முன்பே உலகில் இருந்தவற்றைத் தேடித் தரும் அறிக்கைக்கு அவர் 12,000 ரூபாய் வாங்கினார். அந்த அறிக்கை 31 பக்கம். எங்களைப் பொறுத்தவரை அதன் இதயம் நான்காம் பக்கத்தில் இருந்தது. இணையப் பக்கங்களை எல்லாரும் படிக்கும்படி அமைப்பதற்காக, இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ.3.சி. வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதத்தை 2008 முதலே சூத்திரமாக வைத்திருக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் ஒளிர்வையும் முறையே 0.2126, 0.7152, 0.0722 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்ட வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் கிடைக்கும் தொகைகளோடு தனித்தனியே 0.05 சேர்த்துப் பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு 21 பெறும். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், கடுமையான தரநிலைக்கு 7 வேண்டும். அதே சூத்திரத்தில் நான் அன்றே கணக்கிட்டுப் பார்த்தேன். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் கண்ணைப் பறிக்கும் சிவப்புமேல் மஞ்சள் ஏறக்குறைய 3.7-தான் பெறுகிறது, கறுப்புமேல் மஞ்சள் 19.5-க்கு மேல் போகிறது. வெள்ளைமேல் பளிச்சென்ற பச்சை 1.4-க்கும் கீழே. இருபத்திரண்டு ஆண்டுத் தொழில் அனுபவத்தில் கண்ணால் உணர்ந்ததை எண்ணாக முதன்முதலில் பார்த்த நாள் அது.

எனக்கு மகிழ்ச்சி தந்த அதே பக்கம் என் மருமகனின் முகத்தை வாட வைத்தது. அவன் சொந்தமாகக் கண்டுபிடித்ததாக நினைத்திருந்த கணக்கு அச்சாகவே அங்கே இருந்தது. வெளிச்சத்துக்கேற்பத் திரையை மாற்றுவதும் பல நிறுவனங்கள் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்த விஷயம். அறிக்கையின் கடைசியில் முகவர் எழுதியிருந்த வரியைத் தமிழில் சொல்வதானால், "நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காப்புரிமை கேட்க வேண்டாம் என்பது என் கருத்து" என்பதாகும். பணம் வாங்கிக்கொண்டு வேண்டாம் என்று எழுதித் தருபவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்த ஒரு வரிக்காகவே நான் கொடுத்த 12,000 ரூபாயும் தகும் என்று கருதுகிறேன்.

ஆயினும் அவர் எங்களை அத்தோடு அனுப்பிவிடவில்லை. தேதிவாரிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, கண்காட்சிக்குப் பின் மே மாதம் சேர்த்த ஒரு சிறு பகுதியைப் பற்றிக் கேட்டார். அது என் தாயாரின் புகாரிலிருந்து பிறந்தது. மருந்துச் சீட்டை எழுத்தாக மாற்றிக் கைபேசியில் கொடுத்தபோது அவர் "பால்" என்பதைப் "பால" என்றும் "நாள்" என்பதை "நாள" என்றும் படித்தார். எழுத்து தெரிகிறது, புள்ளி தெரியவில்லை. பளீரென்ற வெள்ளையில் சிறிய கறுப்புப் புள்ளியைச் சுற்றியுள்ள ஒளி விழுங்கிவிடுகிறது. கறுப்பில் வெள்ளையாக மாற்றினால் புள்ளி பூத்து, கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இதை நான் முகவருக்குச் சுங்குடிச் சேலையை வைத்து விளக்கினேன். அரக்கு நிறத் துணியில் முடிச்சவிழ்த்த வெள்ளைப் புள்ளி, உள்ள அளவைவிடப் பெரிதாகத் தெரிவதை மதுரையில் சேலை எடுத்த எவரும் அறிவார்கள்.

என் மருமகன் எழுதிய பகுதி இதைத்தான் பிடித்தது. கைபேசி எழுத்துகளை வரைந்து நினைவகத்தில் வைத்த பிறகு, அந்தப் படத்திலேயே தனித்து நிற்கும் சிறு புள்ளிகளைத் தேடும். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைத் திரைப்புள்ளிகளில் அளக்கும். படிப்பவரால் பிரித்தறிய முடிந்த அளவைவிட அது குறைவாக இருந்தால், எழுத்து நிறம், பின்னணி நிறம், திரையின் பின்னொளி மூன்றையும் சேர்த்து மாற்றும். முழுப் பக்கத்தையும் மறுபடி வரையாமல் அந்த வரிகளை மட்டும் மாற்றுவதால், கைபேசிக்கு வேலையும் மின்கலத்துக்குச் செலவும் குறையும். அவன் இதைப் பெரிதாக எண்ணவே இல்லை. பாட்டிக்காகச் செய்த ஒட்டுவேலை என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

முகவர் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கணினி நிரல் "என்ற அளவில்" என்னும் தொடரை நாடாளுமன்றம் சேர்த்ததற்கு, நிரலோடு சேர்ந்து வளரும் வேறு கண்டுபிடிப்புகள் அடிபட்டுவிடக் கூடாது என்பதே காரணம் என்று விளக்கினார். ஃபெரித் அல்லானி வழக்கில் 2019 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவையோ பங்களிப்பையோ காட்டும் கண்டுபிடிப்பை அது கணினி நிரலைச் சார்ந்தது என்பதற்காகவே தள்ளிவிட முடியாது என்று கூறியதை எடுத்துப் படித்துக் காட்டினார். புதிய வன்பொருள் இருந்தாக வேண்டும் என்று காப்புரிமை அலுவலகத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இருந்த நிபந்தனை 2017-இல் நீக்கப்பட்டதையும் சொன்னார். அதே மூச்சில், கிடைக்கும் என்று தான் வாக்குத் தர முடியாது என்பதையும் சொன்னார். படிப்பவருக்கு நன்றாகத் தெரிகிறது என்று வாதிட்டால் 3(என்) பிரிவு வந்து நிற்கும் என்றும், வரைந்த படத்தை அளந்து திரையையும் பின்னொளியையும் இயக்கும் முறையால் இயந்திரத்தின் வேலை இவ்வளவு குறைந்தது என்று அளவோடு காட்டினால்தான் பேச இடமுண்டு என்றும் அவர் பிரித்துச் சொன்னது எங்களுக்கு இருட்டில் விளக்கு வைத்தது போலிருந்தது. ஒரு வாரம் அளந்து அட்டவணை கொண்டு வரும்படி என் மருமகனை அனுப்பினார். அவனும் பழைய கைபேசிகள் மூன்றை வைத்து அளந்து கொண்டுவந்தான்.

கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணமான விவரக்குறிப்பை எழுதிய நாளில் நானும் உடன் இருந்தேன். காப்புரிமை ஆவணங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழ் மெய்யெழுத்தின் புள்ளிக்காகப் பிறந்த ஒரு நுட்பத்தைத் தமிழில் எழுத முடியாது என்பது எனக்கு வருத்தமாக இருந்தது, அதை அவரிடமும் சொன்னேன். அந்த வருத்தத்தை அவர் வேலையால் ஆற்றினார். எங்கள் வரைவில் தமிழ்ப் புள்ளி என்று இருந்த இடங்களிலெல்லாம், முதன்மை வடிவத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும், குறிப்பிட்ட பரப்பளவுக்குக் குறைவான குறி என்று மாற்றினார். ஒரே மாற்றத்தில் இந்தி எழுத்தின் மேல் வரும் புள்ளி, அரபு எழுத்துகளின் புள்ளிகள், மலையாளத்தின் சிறு குறிகள் எல்லாம் அதே விவரிப்புக்குள் வந்துவிட்டன. "க்" என்னும் எழுத்தைப் பெரிதாக வரைந்து, புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையில் ஒரு அம்புக்குறி போட்ட படம்தான் எங்கள் விண்ணப்பத்தின் முதல் படம்.

ஆகஸ்டில் தற்காலிக விவரக்குறிப்போடு இணைய வழியில் விண்ணப்பித்தோம். தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். சலுகை பெறாத நிறுவனங்களுக்கு 8,000 ரூபாய். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தை ஆராயும்படி கேட்கும் ஆய்வுக் கோரிக்கைக்கு முன்பு 48 மாதம் இருந்த காலக்கெடு 2024 மார்ச் மாத விதித் திருத்தத்தில் 31 மாதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அதற்குத் தனிநபர் செலுத்த வேண்டியது 4,000 ரூபாய். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை கிண்டியில் உள்ள அலுவலகத்துக்குச் செல்கின்றன. இவை ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்குள் என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது என் கடைச் சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மீதமுள்ள நிரலுக்குக் காப்புரிமையை நினைக்காமல் பதிப்புரிமையைப் பதிவு செய்துகொள்ளும்படியும் சொன்னார். கணினி நிரல் பதிப்புரிமைச் சட்டத்தில் இலக்கியப் படைப்பாக வைக்கப்பட்டிருப்பதால் எழுதிய நிரலைப் பிறர் நகலெடுக்க முடியாது. ஆனால் அதே கருத்தை வேறு நிரலாக எழுதுவதை அது தடுக்காது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குப் புரியும்படி சொன்னவர் இவர் ஒருவரே.

குறைகளைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. தேடல் அறிக்கை பத்து நாளில் வரும் என்றார்கள். இருபத்து நான்கு நாள் ஆனது. இடையில் நான் மூன்று முறை தொலைபேசியில் கேட்ட பிறகே, முன்மேசையில் இருப்பவர் தாமதத்தை ஒப்புக்கொண்டார். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. முகவர் நேரில் தமிழில் அவ்வளவு தெளிவாக விளக்குகிறார். அந்த விளக்கத்தில் இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதி அறிக்கையோடு இணைத்தால், என்னைப் போன்றவர்கள் வீட்டுக்கு வந்து மறுபடி படித்துப் புரிந்துகொள்ள முடியும். தேடலையும் ஆங்கிலத் தரவுகளில் மட்டுமே செய்திருக்கிறார்கள். தமிழ் எழுத்துருக்கள், தமிழ்க் கணிமை பற்றிய மாநாட்டுக் கட்டுரைகள் பல தமிழிலேயே வந்திருக்கின்றன. புள்ளியைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்புக்கு அங்கேயும் தேடியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதைச் சொன்னபோது ஏற்றுக்கொண்டு, முழு விவரக்குறிப்புக்கு முன் அதையும் செய்வதாகக் கூறியிருக்கிறார். மின்தூக்கி கிடையாது, படிகள் செங்குத்தானவை. என் தாயாரைக் கொண்டு செயலியை நேரில் காட்ட விரும்பியும் அவரை மேலே ஏற்ற முடியாமல், முகவரே கீழே இறங்கி வந்து எங்கள் காரில் அமர்ந்து பார்த்தார்.

அன்று மதியம் வெயில் கடுமையாக இருந்தது. கார் கண்ணாடி வழியே வந்த ஒளியில் திரை முதலில் வெளுத்துப் போயிருந்தது. பிறகு பின்னணி மெல்ல மங்கிய பழுப்புக்கு இறங்கியது, எழுத்து கறுத்தது. முகவர் அறிக்கைத் தாளின் பின்பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டே, வரிசையாகச் சில சொற்களைத் திரையில் வரவைக்கச் சொன்னார். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு "பால்", "நாள்", "வயல்" என்று ஒவ்வொன்றாகப் படித்தார். "வெயில்" என்ற சொல் வந்தபோது மட்டும் சற்றுத் தயங்கி, விரலால் புள்ளியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னார்.

நேரில் செல்ல விரும்புவோர் முன்பதிவு செய்துகொண்டு காலை பதினொரு மணிக்குள் செல்வது நல்லது. முதல் ஆலோசனைக்கு 1,500 ரூபாய் வாங்குகிறார்கள். வேலையைக் கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்கிறார்கள். செல்லும்போது நிரலை எந்தத் தேதியில் எழுதினீர்கள், யாருக்கு எப்போது காட்டினீர்கள் என்ற பட்டியலைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.